ஆங்கிலப் பெயரடை, வினையடைகளும் தமிழ்வழி விளக்கமும்: ஒரு திறனாய்வு

ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லின் தன்மையை உணர்த்தும் சொல் 'அட்ஜெக்டிவ்' எனப்படும். வினையையோ, மற்றோர் அடைச்சொல்லையோ, ஒரு முழு வாக்கியத்தையோ சிறப்பித்து வரும் சொல் 'அட்வெர்ப்' எனப்படும். இன்றைய தமிழில் இவற்றை முறையே பெயரடை, வினையடை என்கிறோம். ஆங்கில இலக்கணப் பாடத்தில் இப்பகுதி எளிதானது என்றே பெரும்பாலான ஆசிரியர்கள் கருதுகிறார்கள். ஒரே வகுப்பில் நடத்தி முடித்துவிடுகிறார்கள். ஆனால் மாணவர் விடைத்தாளில் மிக அதிகமாகச் சிவப்பு மை விழும் இடங்களில் இதுவும் ஒன்று.

தமிழ் வழியில் ஆங்கிலம் கற்போருக்கு இப்பகுதி எவ்வாறு விளக்கப்படுகிறது, அவ்விளக்கம் எங்கே பொருந்துகிறது, எங்கே தவறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நம் பிள்ளைகள் இங்கே செய்யும் பிழைகளுள் பெரும்பகுதி கவனக்குறைவால் வருபவை அல்ல. தமிழில் 'ஆக' என்னும் ஒரே சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஆங்கிலமோ அவ்விரண்டு வேலைகளுக்கும் இரண்டு வடிவங்களை வைத்திருக்கிறது. இதை மாணவருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பிழையின் வேர் அங்கே இருக்கிறது.

நன்றாகப் படிக்கும் மாணவர் செய்யும் பிழை

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் சுற்றுலா பற்றிப் பத்தி எழுதச் சொன்னால், பிள்ளைகள் பெரும்பாலும் சித்தன்னவாசலையோ திருமயம் கோட்டையையோ எழுதுவார்கள். 'ஓவியங்கள் அழகாக இருக்கின்றன' என்று சொல்ல நினைத்து, 'த பெயின்ட்டிங்ஸ் ஆர் பியூட்டிஃபுல்லி' என்று எழுதுவார்கள். 'பியூட்டிஃபுல்' என்பதே சரி. பல ஆண்டுகள் நானும் அந்த 'லி'யைச் சுழித்து, அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருக்கிறேன்.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். வகுப்பில் பின்தங்கிய மாணவர்கள் இந்தப் பிழையை அதிகம் செய்வதில்லை. அவர்கள் 'பியூட்டிஃபுல்' என்ற ஒரு சொல்லை மட்டுமே அறிந்திருந்தார்கள்; எல்லா இடத்திலும் அதையே போட்டார்கள்; இங்கே அது சரியாக அமைந்துவிட்டது. இலக்கண வகுப்பைக் கவனித்துக் கேட்டு, 'ஆக என்று வந்தால் லி சேர்க்க வேண்டும்' என்ற விதியை மனத்தில் வாங்கியவர்களே பிழை செய்தார்கள். நாங்கள் கற்பித்த விதியை நம்பியதால் அவர்கள் மதிப்பெண் இழந்தார்கள். அப்படியானால் திருத்த வேண்டியது விதியைத்தான்.

கலைச்சொல்லில் தொடங்கும் குழப்பம்

தமிழ்வழி ஆங்கில இலக்கணக் கையேடுகள் பலவற்றில் அட்ஜெக்டிவ் 'பெயர் உரிச்சொல்' என்றும் அட்வெர்ப் 'வினை உரிச்சொல்' என்றும் எழுதப்பட்டிருக்கும். சிலவற்றில் அட்ஜெக்டிவுக்கு 'உரிச்சொல்' என்று மட்டும் இருக்கும். இந்தப் பெயர்கள் நெடுங்காலமாக வழங்கி வருவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் தமிழ் வகுப்பில் நன்னூல் படிக்கும் அதே மாணவர், அடுத்த வகுப்பில் இந்தச் சொல்லைக் கேட்கும்போது குழம்புகிறார்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எட்டாம் இயல் உரியியல். வழக்கில் நன்கு தெரிந்த சொற்களை விட்டுவிட்டு, பொருள் எளிதில் விளங்காத சொற்களை எடுத்து, தெரிந்த சொற்களைக் கொண்டு அவற்றுக்குப் பொருள் சொல்லும் இயல் அது. அவ்வகையில் அது ஓர் அகராதியின் வேலையைச் செய்கிறது. இசை, குறிப்பு, பண்பு ஆகியவற்றின் அடிப்படையில் வரும் இச்சொற்கள் பெயரோடும் சேரும், வினையோடும் சேரும். உறு, தவ, நனி என்பவை மிகுதிப் பொருளைத் தருவன. 'உறுபசி' என்னும்போது உறு பெயரோடு நிற்கிறது. 'நனி வருந்தினான்' என்னும்போது நனி வினையோடு நிற்கிறது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலும், உரிச்சொல் பெயரையும் வினையையும் விட்டு நீங்காமல் வரும் என்றும், செய்யுளுக்கு உரியது என்றும் கூறுகிறது.

ஆகவே உரிச்சொல் என்பது, சொல் எதைத் தழுவுகிறது என்பதை வைத்துப் பிரித்த வகை அன்று. ஆங்கிலத்தின் அட்ஜெக்டிவ், அட்வெர்ப் பிரிவோ எதைத் தழுவுகிறது என்ற ஒரே கேள்வியை வைத்துச் செய்யப்பட்டது. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் மாணவருக்கு இரு இலக்கணமும் தெளிவாவதில்லை. 'நல்ல', 'பெரிய' என்பவை தமிழ் மரபில் உரிச்சொற்கள் அல்ல, குறிப்புப் பெயரெச்சங்கள். 'மெல்ல நடந்தான்' என்பதில் உள்ள 'மெல்ல' குறிப்பு வினையெச்சம். பெயரைக் கொண்டு முடியும் எச்சம், வினையைக் கொண்டு முடியும் எச்சம் என்ற இந்தப் பாகுபாடு ஆங்கிலப் பிரிவுக்கு மிக அருகில் இருக்கிறது. நம்மிடம் இருந்த பொருத்தமான கருவியை விட்டுவிட்டுப் பொருந்தாத பெயரை எடுத்துக்கொண்டோம்.

பிற்காலத்தில் இது சீர்பெற்றது. 1992இல் முதற்பதிப்பாக வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, சொற்களுக்குப் பெயரடை, வினையடை என்று இலக்கண வகை குறித்தது. இலங்கை அறிஞர் எம். ஏ. நுஃமானின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' என்ற நூலும் இச்சொற்களைப் பயன்படுத்தி இன்றைய தமிழை விளக்குகிறது. எதற்கு அடையாக வருகிறது என்பது பெயரிலேயே விளங்குவதால் வகுப்பறைக்கு இவையே ஏற்றவை.

'ஆன', 'ஆக' வாய்பாடு

கலைச்சொல்லுக்கு அடுத்தபடியாக மாணவருக்குக் கிடைப்பது ஒரு வாய்பாடு: 'ஆன' என்று முடிந்தால் பெயரடை, 'ஆக' என்று முடிந்தால் வினையடை. வேகமான, வேகமாக, அழகான, அழகாக, அமைதியான, அமைதியாக. இதற்கு இணையாக ஆங்கிலத்தில் குயிக், குயிக்லி; பியூட்டிஃபுல், பியூட்டிஃபுல்லி; சைலன்ட், சைலன்ட்லி. கரும்பலகையில் இரண்டு வரிசையாக எழுதிப்போட்டால் பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும். பிள்ளைகளும் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

தமிழ்ச் சொல்லமைப்பைப் பொறுத்தவரை இந்த வாய்பாடு சரி. தமிழில் பிற சொல்லிலிருந்து பிறவாத தனிப் பெயரடைகள் மிகக் குறைவு. நல்ல, பெரிய, சிறிய, புதிய, பழைய போன்ற சிலவற்றைத் தவிர மற்றவை, ஒரு பெயரோடு 'ஆன' சேர்ந்து உருவாகின்றன, அல்லது வினையிலிருந்து பெயரெச்சமாகப் பிறக்கின்றன. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், இம்மொழிகளில் பண்பையோ தொடர்பையோ குறிக்கும் பெயர்களும் எச்சங்களுமே அட்ஜெக்டிவின் இடத்தை நிரப்புகின்றன என்று வாதிட்டார். அவர் கருத்தை முழுவதும் ஏற்காதவர்களும், தமிழ்ப் பெயரடை ஆங்கிலப் பெயரடையைப் போல நடப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

எங்கே வேறுபடுகிறது? பயனிலையில். ஆங்கிலத்தில் 'அ பிக் ஹவுஸ்' என்றாலும் 'த ஹவுஸ் இஸ் பிக்' என்றாலும் 'பிக்' மாறாது. தமிழில் 'பெரிய வீடு' என்று சொல்லலாம்; 'வீடு பெரிய' என்று முடிக்க முடியாது. முடிக்க வேண்டுமானால் இரண்டு வழிகள்தாம். ஒன்று, 'வீடு பெரியது' என்று அடையைப் பெயராக்க வேண்டும். மற்றொன்று, 'வீடு பெரியதாக இருக்கிறது' என்று 'ஆக' சேர்த்து 'இரு' என்ற வினையைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

இந்த இரண்டாவது வழியில்தான் சிக்கல். 'அவள் அழகாக எழுதுகிறாள்' என்பதிலும் 'ஆக'. 'அவள் அழகாக இருக்கிறாள்' என்பதிலும் 'ஆக'. முதலாவது எழுதும் விதத்தைச் சொல்கிறது, ஆங்கிலத்தில் 'பியூட்டிஃபுல்லி'. இரண்டாவது அவளைப் பற்றிச் சொல்கிறது; ஆங்கிலத்தில் 'பியூட்டிஃபுல்'. தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றே. பேச்சுத் தமிழில் இன்னும் நெருக்கம். 'நல்லாப் பாடுறா', 'பாட்டு நல்லா இருக்கு'. முதல் 'நல்லா' ஆங்கிலத்தில் 'வெல்', இரண்டாவது 'குட்'. வீட்டில் ஒரே சொல்லாகக் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம், எந்த விளக்கமும் இல்லாமல் இரண்டாகப் பிரித்து எழுது என்கிறோம்.

ரென், மார்ட்டின் நூல் தரும் சோதனை

இந்தியப் பள்ளிகளில் ஆங்கில இலக்கணம் என்றால் பி. சி. ரென், எச். மார்ட்டின் இருவரும் எழுதிய நூலே நினைவுக்கு வரும். 1930களில் வெளிவந்த அந்நூல், இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேய அதிகாரிகளின் பிள்ளைகளை முதன்மையாக மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. பின்னர் என். டி. வி. பிரசாத ராவ் திருத்திய பதிப்பு நாடெங்கும் பரவியது. தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்களின் மேசையில் இருந்துவரும் நூல் அது.

மேலே சொன்ன சிக்கலை அந்நூல் தொடாமல் விடவில்லை. மலர் மணப்பதைச் சொல்லும்போது 'ஸ்மெல் ஸ்வீட்' என்றே எழுத வேண்டும், 'ஸ்வீட்லி' கூடாது என்று விளக்குகிறது. அதற்கு ஒரு சோதனையும் தருகிறது. செயல் நடந்த விதத்தைக் குறிக்கும் தொடரை அந்த இடத்தில் வைக்க முடிந்தால் வினையடை எழுத வேண்டும். 'இஸ்', 'ஆர்' போன்ற இருத்தல் வினையை வைத்துப் பார்க்க முடிந்தால் பெயரடை எழுத வேண்டும். சுருக்கமான, நல்ல சோதனை. ஆங்கிலத்தில் சிந்திப்பவருக்கு இது உடனே பலிக்கும். 'த ஃபிளவர் இஸ் ஸ்வீட்' என்பது அவர் காதுக்கு இயல்பாகவும், 'த ஃபிளவர் இஸ் ஸ்வீட்லி' என்பது அபத்தமாகவும் ஒலிக்கும்.

தமிழில் சிந்திக்கும் மாணவர் அதே சோதனையைச் செய்து பார்க்கட்டும். 'மல்லிகை இனிமையாக மணக்கிறது' என்ற வாக்கியத்தில் 'மணக்கிறது' என்பதை எடுத்துவிட்டு 'இருக்கிறது' என்று வைக்கிறார். 'மல்லிகை இனிமையாக இருக்கிறது' என்று வருகிறது. 'ஆக' அப்படியே நிற்கிறது! சோதனைக்கு முன்னும் 'ஆக', பின்னும் 'ஆக'. சோதனை அவருக்கு எதையும் காட்டவில்லை. அந்த நூலை எழுதியவர்கள் மனத்தில் வைத்த பிள்ளைகளுக்கு ஆங்கிலமே தாய்மொழி. ஆகவே இது அவர்கள் குற்றம் அன்று. ஆனால் அச்சோதனையை அப்படியே தமிழாக்கி நம் கையேடுகளில் போட்டவர்கள், தமிழில் அது வேலை செய்கிறதா என்று ஒருமுறை சோதித்திருக்க வேண்டும்.

தமிழ் வினையில் பிரிக்கிறது, ஆங்கிலம் அடையில் பிரிக்கிறது

இவ்விடத்தில் தமிழ் பின்தங்கியிருக்கிறது, அதற்கு இந்த நுட்பம் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. அதே வேறுபாட்டைத் தமிழ் வேறோர் இடத்தில் காட்டுகிறது. ஆங்கிலத்தில் 'லுக்' என்ற ஒரே வினை, பார்ப்பதையும் குறிக்கும், பிறர் கண்ணுக்குத் தெரிவதையும் குறிக்கும். ஆகவே அது அடைச்சொல்லின் வடிவத்தை மாற்றிப் பொருளைப் பிரிக்கிறது. 'லுக்ட் ஆங்ரிலி' என்றால் கோபமாகப் பார்த்தாள்; 'லுக்ட் ஆங்ரி' என்றால் கோபமாகத் தெரிந்தாள். தமிழில் அடை மாறவில்லை, வினை மாறுகிறது. 'பார்த்தாள்', 'தெரிந்தாள்' என்று நமக்கு இரண்டு வினைகள் இருக்கின்றன.

இது 'லுக்' என்ற ஒரு சொல்லோடு நிற்பதில்லை. வரிசையாகப் பார்த்தால் ஒழுங்கு புலப்படும்.

- ஸ்மெல்: 'பழத்தைக் கவனமாக மோந்து பார்த்தான்' என்றால் 'கேர்ஃபுல்லி'. 'மல்லிகை இனிமையாக மணக்கிறது' என்றால் 'ஸ்வீட்'.
- டேஸ்ட்: 'குழம்பை அவசரமாக ருசி பார்த்தாள்' என்றால் 'ஹரிட்லி'. 'குழம்பு கசப்பாக ருசிக்கிறது' என்றால் 'பிட்டர்'.
- ஃபீல்: 'மருத்துவர் நெற்றியை மென்மையாகத் தொட்டுப் பார்த்தார்' என்றால் 'ஜென்ட்லி'. 'துணி தொடுவதற்கு மென்மையாக இருக்கிறது' என்றால் 'சாஃப்ட்'.
- சவுண்ட்: 'ஓட்டுநர் ஹாரனைச் சத்தமாக அடித்தார்' என்றால் 'லவுட்லி'. 'அவர் குரல் சோகமாக ஒலித்தது' என்றால் 'சேட்'.
- குரோ: 'செடி வேகமாக வளர்ந்தது' என்றால் 'குயிக்லி'. 'பொழுது இருட்டாயிற்று' என்றால் 'டார்க்'.
- டர்ன்: 'அவன் மெதுவாகத் திரும்பினான்' என்றால் 'ஸ்லோலி'. 'இலை மஞ்சளாக மாறியது' என்றால் 'எல்லோ'.

ஒவ்வொரு வரியிலும் ஆங்கில வினை ஒன்று. தமிழ் வினை இரண்டு. முதலில் வருவது ஒருவர் செய்யும் செயல், அல்லது நடக்கும் நிகழ்வு. இரண்டாவது வருவது ஒன்று எப்படி இருக்கிறது, எப்படி ஆயிற்று என்ற நிலை. புலன் சார்ந்த வினைகளில் தமிழ் 'பார்' என்ற துணைவினையையும் சேர்த்து அதைச் செயல் என்று வெளிப்படையாகவே காட்டிவிடுகிறது: மோந்து பார், ருசி பார், தொட்டுப் பார்.

எனவே தமிழ் மாணவருக்கான சோதனையைத் தமிழிலிருந்தே அமைக்கலாம். எழுத வந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்து, அதன் வினை 'இரு, ஆகு, மாறு, தெரி, தோன்று, மண, ருசி, ஒலி' என்னும் நிலை காட்டும் கூட்டத்தைச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். சேர்ந்ததாயின், தமிழில் 'ஆக' இருந்தாலும் ஆங்கிலத்தில் பெயரடையே வரும். மற்ற வினைகளாயின் பெரும்பாலும் வினையடை வரும்.

இதற்குத் துணையாக இன்னொரு சோதனையும் உண்டு. 'ஆக' என்பதை 'ஆன' ஆக்கி எழுவாயின் முன்னே வைத்துப் பார்க்கலாம். 'ஓவியம் அழகாக இருக்கிறது' என்பது 'அழகான ஓவியம்' ஆகும், பொருள் கெடவில்லை, ஆகவே பெயரடை. 'அவள் அழகாக எழுதுகிறாள்' என்பதை 'அழகான அவள் எழுதுகிறாள்' என்று மாற்றினால் பொருளே வேறாகிவிடும், ஆகவே வினையடை. செயப்படுபொருளுக்கும் இது பொருந்தும். 'முட்டையைக் கெட்டியாக அவித்தாள்' என்றால் முட்டைதான் கெட்டியாயிற்று. அதனால் ஆங்கிலத்தில் 'ஹார்ட்' என்ற பெயரடை. 'தட்டைச் சுத்தமாகத் துடைத்தாள்' என்றால் தட்டு சுத்தமாயிற்று, அதனால் 'கிளீன்'.

இந்தச் சோதனைகளுக்கும் எல்லை உண்டு. 'பத்திரமாக வந்து சேர்ந்தார்' என்பதை ஆங்கிலத்தில் 'சேஃப்' என்றும் எழுதலாம், 'சேஃப்லி' என்றும் எழுதலாம். 'வேகமாக ஓடுகிறான்' என்பதை 'வேகமான பையன்' என்று மாற்றினால் சரிபோலவே தோன்றும். அத்தகைய இடங்களில் முதல் சோதனையையே நம்ப வேண்டும். எல்லா வாக்கியத்தையும் அடைக்கும் விதி எந்த மொழியிலும் கிடையாது. இருந்தாலும் விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளைத் தடுக்க இவை போதும்.

'லி' விகுதி என்னும் பொறி

இரண்டாவது பெரிய குறை, 'லி' சேர்த்தால் வினையடை என்ற விதியை விலக்கு இல்லாததுபோலக் கற்பிப்பது. இவ்விகுதியின் வரலாறு தெரிந்தால் விலக்குகள் வியப்பளிக்கா.

பழைய ஆங்கிலத்தில் 'லிச்' என்ற சொல்லுக்கு உடல், வடிவம் என்று பொருள். அதிலிருந்து பெயரடை விகுதி ஒன்றும், கடைசியில் ஓர் உயிரொலி சேர்ந்த வினையடை விகுதி ஒன்றும் பிறந்தன. காலப்போக்கில் இறுதியொலிகள் தேய்ந்து இரண்டும் 'லி' என்றே ஆகிவிட்டன. அதனால்தான் ஃபிரெண்ட்லி, லவ்லி, லோன்லி, கவர்ட்லி ஆகியவை 'லி' பெற்றும் பெயரடைகளாகவே நிற்கின்றன. டெய்லி, வீக்லி என்பவை இரு வேலையும் செய்கின்றன. நம் 'ஆக' என்பதும் 'ஆகு' என்னும் முழு வினையிலிருந்து வந்து விகுதிபோல ஒட்டிக்கொண்டதுதான். தனிச்சொல் தேய்ந்து விகுதியாவது எல்லா மொழிக்கும் பொது என்று இவ்விடத்தில் மாணவருக்குச் சொன்னால் ஆர்வத்தோடு கேட்பார்கள்.

பழைய ஆங்கிலத்தில் பெயரடையோடு ஓர் உயிரொலியை மட்டும் சேர்த்து வினையடை ஆக்கும் வழக்கமும் இருந்தது. அந்த ஒலியும் தேய்ந்தபோது பெயரடையும் வினையடையும் ஒரே வடிவமாயின. ஃபாஸ்ட், ஹார்ட், லேட் போன்றவை அப்படி எஞ்சியவை. இவற்றுக்கு 'லி' சேர்த்தால் ஒன்று அப்படி ஒரு சொல்லே இருக்காது, அல்லது வேறு பொருள் வந்துவிடும். 'ஃபாஸ்ட்லி' இன்றைய ஆங்கில வழக்கில் இல்லை. 'லேட்' என்றால் தாமதமாக. 'லேட்லி' என்றால் அண்மைக்காலமாக. 'நியர்' என்றால் அருகில். 'நியர்லி' என்றால் ஏறக்குறைய.

எல்லாவற்றிலும் ஆபத்தானது 'ஹார்ட்லி'. 'கடினமாக உழைப்பேன்' என்று எழுத நினைத்து, 'ஐ வில் வொர்க் ஹார்ட்லி' என்று வேலை விண்ணப்பத்தில் எழுதும் இளைஞர்கள் உண்டு. 'ஹார்ட்லி' என்றால் 'அரிதாகவே, கிட்டத்தட்ட இல்லை' என்று பொருள். உழைப்பேன் என்று உறுதி கூற வந்தவர், உழைக்கமாட்டேன் என்ற தொனியில் கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறார். படிப்பவர் சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுப்பார். எழுதியவருக்குக் காரணம் தெரியவே தெரியாது. அவர் செய்ததெல்லாம், பள்ளியில் சொல்லிக்கொடுத்த விதியைப் பின்பற்றியதுதான்.

'வெல்' என்ற சொல்லிலும் ஒரு வளைவு உண்டு. 'நன்றாகப் பாடுகிறாள்' என்பதில் அது வினையடை. 'உடம்பு நன்றாக இருக்கிறது' என்று நலம் சொல்லும்போது அதே 'வெல்' பெயரடையாகிறது. 'மிகவும்' என்பதற்கு 'வெரி'யும் 'டூ'வும் ஒன்று என்ற எண்ணமும் நம்மிடையே பரவலாக இருக்கிறது. 'காப்பி வெரி ஹாட்' என்றால் மிகச் சூடு. 'டூ ஹாட்' என்றால் குடிக்க முடியாத அளவுக்குச் சூடு. அளவைச் சொல்வது ஒன்று, அளவு மீறியதைச் சொல்வது மற்றொன்று.

எதிர்வாதங்கள்

'இந்த அளவு நுட்பம் எதற்கு? பொருள் புரிந்தால் போதாதா?' என்று சிலர் கேட்பதுண்டு. நம் நெடுஞ்சாலைகளில் 'கோ ஸ்லோ' என்றுதான் பலகை இருக்கிறது. யாரும் 'ஸ்லோலி' என்று திருத்தவில்லை. 1997இல் ஆப்பிள் நிறுவனம் 'திங்க் டிஃபரன்ட்' என்றே விளம்பரம் செய்தது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் 'எக்ஸீடிங்' போன்ற சொற்கள் விகுதி இல்லாமலே வினையடையாக வரும். 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லோத் போன்றவர்கள்தாம் அத்தகைய வழக்குகளைக் குறை என்று சுட்டத் தொடங்கினார்கள். இவை எல்லாம் உண்மை. 'ஸ்லோ' என்பதை வினையடையாக எழுதிய மாணவரின் மதிப்பெண்ணை ஆசிரியர் குறைக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து.

ஆனால் அந்த வாதம் 'ஹார்ட்லி'க்கும் 'ஆர் பியூட்டிஃபுல்லி'க்கும் பொருந்தாது. முதலாவதில் பொருளே தலைகீழாகிறது. இரண்டாவது ஆங்கிலத்தின் எந்த வட்டாரத்திலும் எந்தக் காலத்திலும் ஏற்கப்பட்ட வழக்கு அன்று. தேர்விலும் நேர்காணலிலும் இவை பிழையாகவே கொள்ளப்படும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் காதே ஆசிரியர். கேட்டுக் கேட்டுச் சரியான வடிவம் பழகிவிடும். ஆங்கிலம் காதில் விழாத ஊர்ப் பிள்ளைக்கு விதி ஒன்றுதான் துணை. அந்த விதியாவது சரியாக இருக்க வேண்டும்.

'ஆங்கில வகுப்பில் தமிழ் எதற்கு? நேரடியாக ஆங்கிலத்திலேயே பழக்கினால் இக்குழப்பம் வராதே' என்பது இன்னொரு வாதம். நாள் முழுதும் ஆங்கிலம் புழங்கும் சூழலில் அது நடக்கும். ஒரு நாளைக்கு ஒரு பாடவேளை மட்டும் ஆங்கிலம் கேட்கும் பிள்ளை, நாம் தடுத்தாலும் தமிழில்தான் எண்ணிப் பார்ப்பார். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் மாணவரின் பன்மொழி அறிவை வகுப்பறைக்கான வளமாகவே கருதியது. தமிழை வெளியே நிறுத்தினால் 'ஆக' என்னும் பொறி மறைந்திருந்து கவிழ்க்கும். உள்ளே அழைத்துப் பேசினால் 'தெரிந்தாள்', 'பார்த்தாள்' என்ற வேறுபாடு கைகொடுக்கும்.

மதிப்பீடு

இப்போதுள்ள விளக்கமுறை மூன்று இடங்களில் திருத்தம் வேண்டி நிற்கிறது. முதலாவது, உரிச்சொல் என்ற பொருந்தாக் கலைச்சொல்லை விட்டு, பெயரடை, வினையடை என்ற சொற்களையே கையேடுகளில் வழங்க வேண்டும். இரண்டாவது, 'ஆக என்றால் லி' என்ற வாய்பாட்டைத் தனியாகக் கற்பிக்கக் கூடாது. 'இரு, ஆகு, தெரி, தோன்று' என்ற நிலை வினைகளை விலக்காக அதே நாளில், அதே கரும்பலகையில் எழுதிக்காட்ட வேண்டும். மூன்றாவது, ஹார்ட்லி, லேட்லி, ஃபிரெண்ட்லி போன்ற சொற்களைப் பாடத்தின் கடைசியில் விதிவிலக்குப் பட்டியலாக ஒதுக்காமல், வாக்கியத்தில் வைத்து, பொருள் எப்படி மாறுகிறது என்று காட்ட வேண்டும்.

பயிற்சியின் வடிவமும் மாற வேண்டும். 'குயிக்' என்பதற்கு வினையடை எழுதுக என்ற வினா, விகுதி ஒட்டத் தெரிகிறதா என்று மட்டுமே சோதிக்கிறது. அதைவிட, 'கோபமாகப் பார்த்தாள்', 'கோபமாகத் தெரிந்தாள்' என்ற இரண்டு தமிழ் வாக்கியங்களைக் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்லலாம். எங்கே 'லி' வருகிறது, ஏன் என்று வகுப்பில் பேச வைக்கலாம். பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் ஆங்கிலத்தோடு தமிழிலும் ஒரு நுட்பத்தை மாணவர் கற்றுக்கொள்வார்.

ரென், மார்ட்டின் நூல் இன்றும் மேசையில் இருக்கத் தகுந்ததே. அதைப் பார்த்து எழுதிய தமிழ்க் கையேடுகளும் ஆங்கிலம் எட்டாத பலரின் வீடுகளுக்கு இலக்கணத்தைக் கொண்டுசேர்த்திருக்கின்றன. அந்த நன்றியை மறக்க முடியாது. ஆனால் அவை ஆங்கிலப் பிள்ளைக்கான விளக்கத்தை மொழிபெயர்த்தனவே தவிர, தமிழ்ப் பிள்ளை எங்கே இடறுவார் என்று பார்த்து எழுதப்பட்டவை அல்ல. அப்படி எழுதப்படும் கையேடு 'லி' விகுதியிலிருந்து தொடங்காது, 'ஆக'விலிருந்து தொடங்கும்.